கரண்டுக்கும் ஏலம் உண்டா?
மின்சார மொத்த விற்பனைச் சந்தை பற்றி நமது குடும்பங்களுக்கு ஒரு விளக்கம்



மின்சாரக் கட்டணம் சில வருடங்களாக ஊஞ்சல் ஆடுகிறது. 2022 ஆகஸ்ட் மாதம் அது சராசரியாக நூற்றுக்கு 75 வீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் அதற்கு மேல் இன்னொரு 66 வீதம். பிறகு ஏறியும் இறங்கியும் வந்து, 2025 ஜனவரியில் ஒரே தடவையில் 20 வீதம் குறைந்தது. ஆறு மாதம் போகவில்லை, ஜூன் மாதம் மறுபடி 15 வீதம் ஏறியது. "நாங்க எரிக்கிறது அதே ரெண்டு பல்பு, ஒரு டீவிதான். பில்லு மட்டும் ஏன் இப்படி ஆடுது?" என்று லயத்திலே கேட்கிறார்கள். இரணைமடுக் குளத்தைச் சுற்றிக் குடியிருக்கும் நமது உறவினர்களும் இதையேதான் கேட்கிறார்கள்.

இதோடு இன்னொரு பேச்சும் அடிபடுகிறது. மின்சார சபையைப் பிரிக்கிறார்கள், இனிமேல் கரண்டை உற்பத்தி செய்கிறவர்கள் போட்டி போட்டு விற்கப் போகிறார்கள் என்பது அந்தப் பேச்சு. "போட்டி வந்தா விலை குறையும்" என்று ஒருவர் சொல்கிறார். "தோட்டத்தைக் கம்பனிக்குக் கொடுத்த மாதிரி இதையும் கொடுத்துடுவாங்க" என்று மற்றவர் சொல்கிறார். இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை உண்டு. முழு உண்மை எது என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

லக்சபானாவும் இரணைமடுவும்

முதலில் நமக்கும் இந்தக் கரண்டுக்கும் உள்ள உறவைச் சொல்ல வேண்டும். பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர கனவு கண்ட லக்சபானா நீர்மின் நிலையம் 1950ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. அதன் பின் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் வந்தன. மவுசாகலைக்காகப் பழைய மஸ்கெலியா டவுனே தண்ணீருக்குள் போனது. 2012இல் தலவாக்கலையில் மேல் கொத்மலை நிலையம் 150 மெகாவாட் சக்தியோடு தொடங்கியது. அதற்காகவும் பல நூறு குடும்பங்கள் வீட்டை விட்டு வேறு இடம் போனார்கள். இந்த நாட்டின் மலிவான மின்சாரம் நமது மலையில் இருந்து இறங்குகிற தண்ணீரில் பிறக்கிறது.

வடக்கிலே பெரியவர்கள் இன்றைக்கும் சபையின் மின்சாரத்தை "லக்சபானா கரண்ட்" என்றுதான் சொல்வார்கள். 1990க்குப் பிறகு போரினால் வன்னிக்கு அந்தக் கம்பி வழி இல்லாமல் போனது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஏறத்தாழ இருபது வருடம் குப்பி விளக்குத்தான். சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. 1970களின் பஞ்ச காலத்திலும், 1977, 1983 கலவரங்களிலும் மலைநாட்டில் இருந்து போய் அங்கே குடியேறிய நமது சனங்களும் அந்த இருட்டில்தான் பிள்ளைகளை வளர்த்தார்கள். 2009க்குப் பின் வவுனியாவில் இருந்து கிளிநொச்சிக்கும், அங்கிருந்து சுன்னாகத்துக்கும் 132 கிலோவோல்ட் உயர் அழுத்தக் கம்பி மறுபடி இழுக்கப்பட்டது.

ஆகவே, மஸ்கெலியாவில் மழை பெய்தால் இரணைமடுவில் விளக்கு எரிகிறது. அந்தக் கம்பியின் ஒரு முனையில் நாம் இருக்கிறோம், மறுமுனையில் நமது உறவுகள் இருக்கிறார்கள். நடுவிலே என்ன விலையில், யார் யாருக்கு விற்கிறார்கள் என்பதுதான் மொத்த விற்பனை.

மொத்த விற்பனை என்றால் என்ன?

தேயிலையை வைத்துப் பார்த்தால் இது லேசாக விளங்கும். கொழுந்து பறித்து, பெக்டரியில் தூளாக்கி, மூட்டை கட்டுவது ஒரு வேலை. அதைக் கொழும்புக்கு ஏற்றிப் போவது இரண்டாவது வேலை. கடையிலே பக்கெட்டாக விற்பது மூன்றாவது வேலை. பெக்டரிக்கும் கடைக்கும் இடையிலே, தரகர் மூலமாக மூட்டைக் கணக்கில் விலை பேசும் இடம் ஒன்று இருக்கிறது. அதுதான் 1883 முதல் கொழும்பில் நடந்து வரும் தேயிலை ஏலம். கடைக்காரர் போடுகிற விலை வேறு, ஏலத்து விலை வேறு.

கரண்டும் இப்படித்தான். மின் நிலையத்தில் உற்பத்தி நடக்கிறது. பெரிய கோபுரங்களில் போகும் கம்பி அதை நாடு முழுக்க எடுத்துச் செல்கிறது. இதை ஊடுகடத்தல் என்பார்கள். பிறகு ஊர்க் கம்பியில் வீட்டுக்கு வருவது விநியோகம். மின் நிலையத்துக்கும் விநியோகம் செய்கிறவருக்கும் நடுவில் பேசப்படும் விலையே மொத்த விலை. நமக்கு வரும் பில்லில் பெரும் பங்கு அந்த மொத்த விலைதான். மழை இல்லாத வருடத்தில் தண்ணீருக்குப் பதில் எண்ணெயை எரிக்க வேண்டும். நிலக்கரியும் எண்ணெயும் டொலரில் வருகிறவை. டொலர் ஏறினால் அந்தச் செலவும் ஏறும். பில்லு ஊஞ்சல் ஆடுவதற்கு முதற் காரணம் இது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டப்பட்டதற்கும், எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் போனதே காரணம்.

இரண்டாவது காரணமும் உண்டு. செலவுக்குக் குறைவாகக் கட்டணம் வைத்தால் நட்டம் சேர்கிறது. பிறகு அதை ஒரே அடியாக ஏற்றுகிறார்கள். 2025 ஜனவரியில் குறைத்த கட்டணம் செலவுக்குப் போதவில்லை என்று கணக்கு வந்ததும் ஜூனில் ஏற்றினார்கள். செலவுக்கு ஏற்ற கட்டணம் வேண்டும் என்று சர்வதேச நாணய நிதியமும் வலியுறுத்தியது.

ஒரே கொள்வனவாளர்

இலங்கை மின்சார சபை 1969இல் தனிச் சட்டத்தின் கீழ் உருவானது. உற்பத்தி, பெரிய கம்பி, ஊர்க் கம்பி, பில்லு எல்லாம் ஒரே கையில் இருந்தன. 1983இல் கரையோர நகரங்கள் சிலவற்றின் விநியோகத்துக்காக லெக்கோ கம்பனி உருவாக்கப்பட்டது. மற்றதெல்லாம் சபைதான்.

1996இல் பெரிய வரட்சி வந்தது. நீர்த்தேக்கங்கள் வற்றின, தினமும் பல மணி நேரம் மின்வெட்டு. அதற்குப் பிறகு தனியார் எண்ணெய் மின் நிலையங்கள் பல வந்தன. அவர்களோடு சபை நீண்டகால ஒப்பந்தம் செய்தது. அந்த ஒப்பந்தங்களில் இரண்டு விதக் காசு உண்டு. ஒன்று, உற்பத்தி செய்த யூனிட்டுக்கான காசு. மற்றது, நிலையம் தயாராக நிற்பதற்கான காசு. லொறியை வாடகைக்கு எடுத்தால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நாள் வாடகை கட்டுவது போல. மழை நன்றாகப் பெய்து எண்ணெய் நிலையம் தேவைப்படாத மாதத்திலும் அந்த வாடகை நமது பில்லில்தான் சேர்ந்தது.

அதே காலத்தில் மலைநாட்டு ஆறுகளில் தனியார் சிறு நீர்மின் நிலையங்களும் தோன்றின. 10 மெகாவாட்டுக்கு உட்பட்டவற்றுக்கு ஒரே மாதிரியான ஒப்பந்தம் எழுதப்பட்டது. நமது தோட்டத்து ஓடைகளில் குழாய் போட்டு, சின்னக் கட்டிடத்துக்குள்ளே சுழலி ஓடுவதைப் பல பேர் பார்த்திருப்பீர்கள். அதில் பிறக்கும் கரண்ட் முதலில் பெரிய கம்பிக்குத்தான் போகும். பக்கத்து லயத்துக்கு நேராக வராது.

இப்படி விற்கிறவர்கள் பலர் வந்தார்கள். வாங்குகிறவர் மட்டும் ஒருவர்தான், அது சபை. இதைத்தான் ஒரே கொள்வனவாளர் முறை என்கிறார்கள். ஒரு கடையே உள்ள ஊரில் கொழுந்து விற்பதுபோல ஒரு நிலை. அந்த ஒரே கடைக்காரர் நேர்மையாகக் கணக்குப் பார்த்தால் ஊருக்கு லாபம். வேண்டியவருக்கு விலையைக் கூட்டிக் கொடுத்தால் ஊருக்கு நட்டம். கேட்க ஆள் இருக்காது.

சட்டம் மாறிய கதை

இந்த முறையை மாற்ற முதலில் 2002இல் ஒரு சட்டம் வந்தது. சபையைப் பல கம்பனிகளாகப் பிரிப்பது அதன் நோக்கம். தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வரவே இல்லை. ஆனால் அதே வருடம் 35ஆம் இலக்கச் சட்டத்தால் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு உருவானது. கட்டணம் நியாயமா என்று பார்க்கிற நடுவர் அது.

2009இன் 20ஆம் இலக்க மின்சாரச் சட்டம் அந்த ஆணைக்குழுவுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கவும் கட்டணத்தை அங்கீகரிக்கவும் அதிகாரம் கொடுத்தது. 2022 ஜூனில் வந்த திருத்தம் புதிய மின் நிலையங்களுக்குத் திறந்த விலைமனு கேட்கும் விதியைத் தளர்த்தியது. மின்சார சபைப் பொறியியலாளர்கள் அதை எதிர்த்துப் பணிப்புறக்கணிப்புக்கே தயாரானார்கள்.

அடுத்து 2024இன் 36ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சபையைத் தனித்தனிக் கம்பனிகளாக்கி, படிப்படியாகப் போட்டியுள்ள மொத்த விற்பனைச் சந்தைக்குப் போவது அதன் வழி. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தியது. உற்பத்திக்கு ஒன்று, பெரிய கம்பிக்கு ஒன்று, விநியோகத்துக்கு ஒன்று, எல்லாவற்றையும் இயக்கிக் கொள்வனவு செய்யும் தேசிய முறைமை இயக்குனர் என்று ஒன்று, இப்படி நான்கு முதன்மைக் கம்பனிகள் என்று முடிவானது. நான்கும் அரசாங்கத்துக்கே சொந்தமாக இருக்க வேண்டும் என்பது அந்தத் திருத்தத்தின் முக்கியமான விஷயம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரிப்பது வேறு, விற்பது வேறு, போட்டி வைப்பது வேறு. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிப் பேசுகிறார்கள். 1992இல் நமது தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளின் கைக்குப் போனபோது நிலம் அரசாங்கத்துடையதாகவே இருந்தது. நிர்வாகம் மட்டும் மாறியது என்று சொன்னார்கள். ஆனால் அன்றாட வாழ்க்கையில் எதெல்லாம் மாறியது என்று நமக்குத் தெரியும். ஆகவே பெயர்ப் பலகையைப் பார்க்காமல், ஒப்பந்தத்திலும் விதியிலும் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கப் பழக வேண்டும்.

போட்டி இரண்டு வகை

போட்டி என்று ஒரே சொல்லால் சொன்னாலும் அதில் இரண்டு வகை உண்டு.

முதல் வகை, ஒப்பந்தத்துக்கான போட்டி. "இந்த இடத்தில் இத்தனை மெகாவாட் வேண்டும், யார் குறைந்த விலைக்குத் தருவீர்கள்?" என்று விலைமனு கேட்பது. மூடிய கடிதத்தில் எல்லோரும் விலை எழுதுவார்கள். குறைந்தவருக்கு இருபது வருட ஒப்பந்தம் கிடைக்கும்.

இரண்டாவது வகை, தினப் போட்டி. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு அரை மணிக்கும் அல்லது கால் மணிக்கும், எல்லா நிலையங்களும் விலை சொல்ல வேண்டும். மலிவானவரிடம் இருந்து தொடங்கித் தேவை நிரம்பும் வரை வாங்குவார்கள். தேயிலை ஏலத்துக்குக் கிட்டத்தட்டச் சமமானது இதுதான்.

முதல் வகையில் என்ன நடக்கும் என்பதற்கு வன்னிக் கரையிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது.

பூநகரிக் காற்றும் மன்னார்க் காற்றும்

இரணைமடு இருக்கிற கிளிநொச்சி மாவட்டத்தில்தான் பூநகரியும் இருக்கிறது. அங்கும் மன்னாரிலும் நல்ல காற்று. இந்தியாவின் அதானி குழுமம் மன்னாரில் 250 மெகாவாட், பூநகரியில் 234 மெகாவாட், மொத்தம் 484 மெகாவாட் காற்றாலைகள் அமைக்க அனுமதி பெற்றது. இதற்குத் திறந்த விலைமனு கேட்கப்படவில்லை, நேரடியாகப் பேசி முடித்தார்கள். 2024இல் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட விலை யூனிட்டுக்கு 8.26 அமெரிக்க சதம், 20 வருடத்துக்கு. அதன் பின் வந்த அரசாங்கம் விலையைக் குறைக்கப் பேசியது. 2025 பெப்ரவரியில் அதானி குழுமம் திட்டத்தில் இருந்து விலகிக்கொண்டது.

அதே காலத்தில் மன்னாரில் 50 மெகாவாட் காற்றாலைக்குத் திறந்த போட்டியில் விலைமனு கேட்டார்கள். ஹேலிஸ் பென்டன்ஸ் என்ற உள்ளூர்க் கம்பனி 4.65 சதத்துக்கு வந்தது. 2025 ஜனவரியில் ஒப்பந்தம் கைச்சாத்தானது.

இரண்டு திட்டங்களும் அளவிலும் நிபந்தனையிலும் ஒன்றல்ல. ஆகவே அப்படியே நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. ஆனாலும் ஒரே கரையில் அடிக்கும் காற்றுக்கு, கதவை மூடிப் பேசினால் ஒரு விலை, கதவைத் திறந்து வைத்தால் ஏறத்தாழப் பாதி விலை என்பது சாதாரண விஷயமல்ல. இருபது வருடத்துக்கு அந்த வித்தியாசத்தைக் கட்டப் போகிறவர்கள் நாம்தான். போட்டி விலையைக் குறைக்கும் என்று சொல்கிறவர்கள் பக்கம் உள்ள நியாயம் இது.

தினப் போட்டியில் உள்ள சூட்சுமம்

இரண்டாவது வகையில் விஷயம் அவ்வளவு லேசல்ல. கற்பனையாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரவு ஏழு மணி. எல்லா வீட்டிலும் விளக்கு, டீவி, அயர்ன். நீர் மின்சாரம் யூனிட் 3 ரூபாய்க்குத் தயார் என்கிறது. நிலக்கரி 20 ரூபாய் கேட்கிறது. எண்ணெய் நிலையம் 60 ரூபாய் கேட்கிறது. தண்ணீரும் நிலக்கரியும் போதவில்லை, கொஞ்சம் எண்ணெயும் வேண்டும். அப்படியானால் யார் யாருக்கு எவ்வளவு கொடுப்பார்கள்?

"நீருக்கு 3, நிலக்கரிக்கு 20, எண்ணெய்க்கு 60" என்றுதான் நாம் நினைப்போம். உலகத்தில் பல சந்தைகளில் அப்படி இல்லை. கடைசியாக வாங்கப்பட்ட எண்ணெயின் 60 ரூபாய்தான் எல்லோருக்கும் விலை. 3 ரூபாய் கேட்ட நீர் நிலையத்துக்கும் 60 ரூபாய் கிடைக்கும். மலிவாக உற்பத்தி செய்கிறவர்களுக்கு நல்ல லாபம் வரும், அந்த லாபத்துக்காகப் புதிதாக மலிவான நிலையங்கள் கட்டுவார்கள் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். புது நிலையத்துக்கு அது பொருந்தலாம். ஆனால் 1950இலும் 1969இலும் பொதுப் பணத்தில் கட்டி, கடனும் எப்போதோ தீர்ந்த பழைய நீர் நிலையத்துக்கு எதற்கு எண்ணெய் விலை?

நமது பிரச்சினையின் மையம் இந்தக் கேள்விதான். இன்று மலைநாட்டுத் தண்ணீரின் மலிவு, எண்ணெயின் செலவோடு கலந்து சராசரியாகிறது. அதனால் எல்லோருடைய பில்லும் கொஞ்சம் தாழ்கிறது. நாளை தினச் சந்தை வந்து, விதி சரியாக எழுதப்படாவிட்டால், அந்த மலிவு பில்லுக்கு வராமல் நிலையத்தின் சொந்தக்காரர் கணக்குக்குப் போய்விடும். சொந்தக்காரர் அரசாங்கமாக இருந்தால், அதை மக்களுக்குத் திருப்பிக் கொடுக்க வழி இருக்கிறது. தனியாராக இருந்தால் வழி கஷ்டம்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. தேயிலை விலை விழுந்தால் மூட்டையை ஸ்டோரில் வைத்து அடுத்த வாரம் விற்கலாம். கரண்டைப் பெரிய அளவில் சேர்த்து வைக்க செலவு அதிகம். உற்பத்தியும் தேவையும் ஒவ்வொரு வினாடியும் சமமாக நிற்க வேண்டும். ஆகவே தேவை உச்சத்தில் இருக்கிற நேரத்தில் ஒருவர் மட்டும் தன் நிலையத்தை மூடி, "ரிப்பேர்" என்று சொன்னால் போதும், விலை ஏறிவிடும்.

அப்படி நடந்ததும் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2000, 2001 வருடங்களில் வியாபாரிகள் வேண்டுமென்றே உற்பத்தியைக் குறைத்து விலையை ஏற்றினார்கள். மக்கள் இருட்டில் இருந்தார்கள். அங்கே மிகப் பெரிய விநியோகக் கம்பனி ஒன்று 2001இல் வங்குரோத்து ஆனது. இங்கிலாந்து 1990இல் இப்படியான சந்தையைத் தொடங்கியது. விற்கிறவர்களில் இரண்டு பெரிய கம்பனிகள் விலையைத் தங்கள் விருப்பப்படி ஆட்ட முடிந்தது. 2001இல் அந்த முறையையே மாற்றினார்கள். இந்தியாவில் 2003 மின்சாரச் சட்டத்துக்குப் பிறகு 2008இல் மின்சாரப் பரிமாற்ற மையங்கள் வந்தன. மலிவான நேரத்தில் மாநிலங்கள் அங்கே வாங்கி லாபம் பார்த்ததுண்டு. ஆனால் 2022 மார்ச்சில் வெயிலும் நிலக்கரித் தட்டுப்பாடும் சேர்ந்து யூனிட் விலை 20 இந்திய ரூபாயைத் தொட்டது. ஏப்ரலில் அங்குள்ள மத்திய ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்டு 12 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று உச்ச வரம்பு போட்டது.

இந்த மூன்று நாட்டுக் கதையிலும் ஒரே பாடம்தான். விற்கிறவர் பலர் இருந்து, கேட்கிற நடுவர் பலமாக இருந்தால் போட்டி நன்மை செய்யும். விற்கிறவர் இரண்டு மூன்று பேராக இருந்து, நடுவர் பலவீனமாக இருந்தால் போட்டி என்பது பெயருக்கு மட்டும்தான். இலங்கையில் நிலக்கரி நிலையம் ஒன்றே ஒன்று, நுரைச்சோலையில். பெரிய நீர் நிலையங்கள் எல்லாம் ஒரே கம்பனியில். இவ்வளவு சின்னச் சந்தையில் தினப் போட்டியை அவசரப்பட்டுத் தொடங்குவது ஆபத்து. ஒப்பந்தத்துக்கான திறந்த போட்டியை இப்போதே முழுமையாக நடத்தலாம்.

குளம் சொல்லும் பாடம்

இரணைமடு வன்னியின் பெரிய குளம். கனகராயன் ஆற்றை மறித்து, கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. அதன் கீழே இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் வயல். காலபோகத்தில் தண்ணீர் தாராளம். சிறுபோகத்தில் குளத்தில் எத்தனை அடி இருக்கிறது என்று அளந்து பார்த்து, கூட்டம் வைத்து, யாருக்கு எத்தனை ஏக்கர் என்று பங்கு பிரிப்பார்கள். துருசு திறக்கிற நாளும் பூட்டுகிற நாளும் அந்தக் கூட்டத்தில்தான் முடிவாகும். "காசு கூடக் கொடுக்கிறவனுக்கு முதலில் தண்ணீர்" என்றால் கடைமடைக்காரன் வயல் காய்ந்துவிடும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மின்சாரத்திலும் கடைமடை உண்டு. கொழும்பில் ஒரு கம்பத்தில் இருபது வீட்டுக்குக் கரண்ட் கொடுக்கலாம். இரணைமடுப் பக்கத்துக் குடியேற்றத் திட்டங்களிலும், மலையில் தனித்து நிற்கிற ஒரு டிவிஷனிலும் நாலு வீட்டுக்காகப் பல கம்பம் நட வேண்டும். செலவுக் கணக்குப்படி பார்த்தால் நமது யூனிட் விலை கொழும்பு விலையை விடக் கூட வர வேண்டும். அப்படி வராமல் இருப்பதற்குக் காரணம், நாடு முழுக்க ஒரே கட்டணம் என்ற விதி. விநியோகப் பிரிவுகளுக்கு விற்கும் மொத்த விலையை இடத்துக்கு இடம் கூட்டிக் குறைத்து, கடைசியில் வீட்டுக் கட்டணம் ஒன்றாக வரும்படி கணக்குப் பார்க்கிறார்கள். இந்த ஒரு விதி போனால், வன்னிக்கும் தோட்டத்துக்கும் வரும் நட்டம் எந்தப் போட்டி லாபத்தாலும் ஈடாகாது.

துருசு காப்பவர் போல, மின்சாரத்திலும் எந்த நிலையம் எப்போது ஓட வேண்டும் என்று சொல்லும் இயக்குனர் ஒருவர் வேண்டும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்கக் கரண்ட் போனது நினைவிருக்கும். பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததுதான் காரணம் என்று சிரித்தார்கள். ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை. தேவை குறைவு, கூரைச் சோலார் அதிகம், பெரிய சுழலிகள் குறைவாக ஓடிய நேரம். சின்ன அதிர்ச்சியையும் தாங்கும் பலம் அந்நேரம் அந்த அமைப்புக்கு இருக்கவில்லை. எத்தனை பேர் விற்றாலும் சரி, இந்த இயக்குனர் யாருடைய பக்கமும் சாயாமல் இருக்க வேண்டும். இயக்குனரை உற்பத்திக் கம்பனியில் இருந்து பிரித்தது நல்லது என்பதற்கு இதுவே காரணம்.

நாம் செய்யக் கூடியவை

இவ்வளவு பெரிய விஷயத்தில் லயத்தில் இருக்கிற நாம் என்ன செய்ய முடியும் என்று நினைக்க வேண்டாம்.

முதலாவது, கட்டணம் மாற்றும் முன் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். எழுத்திலும் கொடுக்கலாம், கூட்டத்தில் வாயாலும் சொல்லலாம், தமிழிலும் சொல்லலாம். இது வெறும் சடங்கு அல்ல. 2025 ஒக்டோபரில் 6.8 வீதம் கூட்டக் கேட்டபோது ஆணைக்குழு மறுத்துவிட்டது. தொழிற்சங்கம், மாதர் சங்கம், கோயில் கமிட்டி எதுவாக இருந்தாலும் ஒரு கடிதம் எழுதலாம்.

இரண்டாவது, அந்தக் கடிதத்தில் மூன்று விஷயத்தைக் கேளுங்கள். புதிய மின் நிலையம் எதுவும் திறந்த விலைமனு இல்லாமல் வரக் கூடாது. பழைய நீர்மின் நிலையங்களின் மலிவு வீட்டுக் கட்டணத்தில் தொடர்ந்து சேர வேண்டும். நாடு முழுக்க ஒரே வீட்டுக் கட்டணம் என்ற விதி நிலைக்க வேண்டும்.

மூன்றாவது, வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. யூனிட் கூடக் கூட, ஒரு யூனிட்டின் விலையும் கூடும். இரண்டு மூன்று குடும்பங்கள் ஒரே மீட்டரில் இருந்தால் சிக்கனமாகப் பாவித்தாலும் மேல் படிக்குப் போய்விடுவீர்கள். அப்படி இருந்தால் தனி மீட்டருக்கு விண்ணப்பியுங்கள். தோட்ட நிர்வாகத்தின் கடிதம் தேவைப்பட்டால் தலைவர் மூலம் கேட்டு வாங்குங்கள்.

நான்காவது, மாலை ஆறரையில் இருந்து இரவு பத்தரை வரைதான் நாட்டில் தேவை உச்சம். எண்ணெய் அதிகம் எரிவதும் அந்த நேரம்தான். அயர்ன், தண்ணீர் மோட்டார் போன்றவற்றை வேறு நேரத்துக்கு மாற்றலாம். சாதாரண வீட்டு மீட்டரில் உங்கள் பில்லு அதனால் உடனே குறையாது. ஆனால் எல்லோரும் செய்தால் மொத்தச் செலவு குறையும்.

போட்டி என்பது கத்தி மாதிரி. கவ்வாத்துக் கத்தியால் செடியைத் துளிர்க்க வைக்கவும் முடியும், பட்டுப்போக வைக்கவும் முடியும். எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில் வெட்டுவது என்ற விதிதான் முக்கியம். அந்த விதியை எழுதுகிற நேரம் இது. பில்லு வந்த பிறகு புலம்புவதை விட, விதி எழுதும்போது நமது குரலும் அங்கே இருக்க வேண்டும்.

இந்தப் பக்கத்தை வாசித்தவர்கள், வாசிக்க முடியாத அயலவருக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். வன்னியில் உறவினர் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். அவர்களும் நாமும் சேர்ந்து எழுதினால் கடிதத்துக்கு எடை கூடும்.